பிளக்கின் மூக்குச் சூடு

உதிரிபாகக் கடையில் நான்கு ஸ்பார்க் பிளக் பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். என்ஜிகே பெட்டியில் பிபி6இஎஸ் என்றிருக்கும். போஷ் பெட்டியில் டபிள்யூ7டிசி. சாம்பியனில் என்9ஒய்சி. டென்சோவில் டபிள்யூ20இபி-யூ. எண்களை மட்டும் பார்த்தால் 6, 7, 9, 20. நான்குக்கும் சம்பந்தமே இல்லாததுபோலத் தெரியும். ஆனால் நான்கும் ஏறத்தாழ ஒரே பிளக்தான். ஒன்று கிடைக்காத ஊரில் இன்னொன்றைத் தயங்காமல் போடலாம்.

இதைவிட ஒரு படி 'சூடான' பிளக் வேண்டுமென்றால் என்ஜிகேயில் எண் இறங்கும்: 5. டென்சோவிலும் இறங்கும்: 16. போஷில் ஏறும்: 8. சாம்பியனிலும் ஏறும். பழைய ரிப்பேர் புத்தகத்தில் போஷ் டபிள்யூ175டி30 என்று அச்சாகியிருந்தால் குழப்பம் இன்னும் கூடும். அந்தக் காலத்து முறையில் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சியானது. அன்றைய 175தான் இன்றைய 7. அன்றைய 225 இன்றைய 5. ஒரே கம்பெனிக்குள்ளேயே எண்ணின் திசை தலைகீழாகியிருக்கிறது.

பழைய காரைத் தினமும் ஓட்டுகிறவர் பிளக் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்தச் சூட்டைப் பற்றியதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பிராண்டு, இரிடியமா பிளாட்டினமா, மூன்று முனையா நான்கு முனையா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஆனால் கடைகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் பின்னதைப் பற்றியே இருக்கிறது.

பேச ஒரு கார் வேண்டும். அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். 1957 முதல் 2014 மே மாதம் வரை உத்தர்பாராவில் தயாரான கார் அது. அதன் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சிசி. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி-சீரிஸ்' குடும்பம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரில் இருந்ததும் இதுவே. எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சிசி எஞ்சின்தான். பின்னால் வந்த எம்ஜிபியிலும் இதே குடும்பத்தின் பெரிய எஞ்சின். அந்தக் கார்களை இன்றும் ஓட்டும் ஆயிரக்கணக்கானவர்களின் அனுபவம் அப்படியே அம்பாசிடருக்கும் பயன்படுகிறது. பழைய காருக்கு இப்படி ஒரு பெரிய சொந்தக் கூட்டம் இருப்பது பெரிய வரம். மூன்று பெட்ரோல் எஞ்சின்களின் ஹெட்டிலும் பிளக் துளை ஒன்றே: 14 மில்லிமீட்டர் மரை, 19 மில்லிமீட்டர் நீளம். எம்ஜிபிக்காரர்கள் வழக்கமாகப் போடுவது மேலே சொன்ன பிபி6இஎஸ்.

சரி, பிளக்கில் 'சூடு', 'குளிர்ச்சி' என்றால் என்ன?

சூடான பிளக் அதிகப் பொறி தரும் என்று பலர் நினைக்கிறார்கள். பொறிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பிளக்கின் கீழ்முனையில், நடுக் கம்பியைச் சுற்றி வெள்ளைப் பீங்கான் மூக்கு ஒன்று இருக்கிறது. அலுமினா என்ற பொருளால் ஆனது. ஒவ்வொரு எரிப்பிலும் அது நெருப்புக்குள் நிற்கிறது. வாங்கிய சூட்டை அது பீங்கான் வழியே மேலே கடத்தி, இரும்பு உறைக்கும், அங்கிருந்து மரை, வாஷர் வழியாக சிலிண்டர் ஹெட்டுக்கும் கொடுக்க வேண்டும். மூக்கு நீளமாக இருந்தால் அதன் நுனியிலிருந்து உறை வரைக்கும் சூடு நடக்க வேண்டிய தூரம் அதிகம். நுனி சூடாகவே நிற்கும். அது சூடான பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். அது குளிர்ச்சியான பிளக். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்தச் சில மில்லிமீட்டர் பீங்கான்தான் காரின் அன்றாட குணத்தைத் தீர்மானிக்கிறது.

நுனியின் வெப்பம் சுமார் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அதன்மேல் படியும் கரி எரியாமல் தங்கிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும். காயிலிலிருந்து வரும் மின்னழுத்தம் இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதற்குப் பதிலாக, பீங்கான் மேல் படிந்த கரி வழியே அமைதியாக எர்த்துக்குக் கசிந்துவிடும். பொறி வராது, எஞ்சின் மிஸ் அடிக்கும். எதிர்ப்பக்கம், நுனி 850 டிகிரியைத் தாண்டிப் போனால் வேறு ஆபத்து. பொறி வருவதற்கு முன்பே, பழுத்த நுனி தானாகவே கலவையைப் பற்றவைக்கும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே எரிப்பு தொடங்கிவிடும். சிறிது நேரம் இப்படி ஓடினாலே பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழும். ஆக, 450-க்கும் 850-க்கும் நடுவே மூக்கை நிறுத்துவதுதான் பிளக் தேர்வின் முழுக் கணக்கு. வெப்ப எண் ஒரு படி மாறினால் நுனியின் வெப்பம் 70 முதல் 100 டிகிரி வரை மாறும் என்பது என்ஜிகே தரும் கணக்கு. நானூறு டிகிரி அகலமுள்ள பாதையில் ஒரு படி என்பது சின்ன நகர்வு அல்ல.

தினமும் ஓட்டுவது என்ற விஷயம் இங்கேதான் முக்கியமாகிறது. கார் செய்தவர் பிளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது மோசமான நிலையை மனதில் வைத்துத்தான் தேர்ந்தெடுப்பார்: ஐந்து பேர், டிக்கி நிறையச் சுமை, மலைப்பாதை, முழு ஆக்ஸிலரேட்டர். அந்த நிலையிலும் பிஸ்டன் ஓட்டையாகக் கூடாது. அதனால் கம்பெனி எண் கொஞ்சம் குளிர்ச்சிப் பக்கம் சாய்ந்தே இருக்கும். அண்ணா சாலையில் காலை ஒன்பது மணிக்கு இரண்டாவது கியரில் ஊர்ந்து, நான்கு கிலோமீட்டர் போய், அலுவலகத்தில் நிறுத்தி, மாலையில் அதே நான்கு கிலோமீட்டர் திரும்பும் கார் அந்தச் சூட்டை ஒருபோதும் பார்ப்பதில்லை. ஐட்லிங்கில் கலவை கெட்டி. சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தால் இன்னும் கெட்டி. கரி சேர்கிறது, எரிவதில்லை. "பிளக் போட்டு ரெண்டு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள மிஸ் அடிக்குது" என்ற புகாரில் பாதிக்குமேல் இந்தக் கதைதான்.

இதற்கு முதல் மருந்து, மூக்கு நீட்டிய பிளக். என்ஜிகே குறியீட்டில் 'பி' என்ற எழுத்து இரண்டு முறை வருகிறதே, அதில் இரண்டாவது 'பி' இதைத்தான் சொல்கிறது, சாம்பியனில் 'ஒய்'. இதில் பீங்கானின் நுனி உறையைத் தாண்டி எரியறைக்குள் நீண்டிருக்கும். மெதுவாக ஓடும்போது நெருப்புக்குள் முழுதாக நிற்பதால் விரைவில் சூடேறிக் கரியை எரித்துவிடுகிறது. வேகமாக ஓடும்போது உள்ளே பாயும் குளிர்ந்த கலவை அதே நுனியில் மோதி அதைக் குளிர்விக்கிறது. ஒரே பிளக் இரண்டு நிலைக்கும் ஈடு கொடுக்கிறது. அம்பாசிடரில் இதற்கு இடம் இருக்கிறது. வால்வு பக்கவாட்டில் இருக்கும் மிகப் பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள் மட்டும், நீண்ட மூக்கு எதிலும் இடிக்காது என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

இரண்டாவது மருந்து ஒரு படி சூடு. எம்ஜிபியின் கம்ப்ரஷன் விகிதம் 8.8. அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சின் அதைவிடக் குறைந்த கம்ப்ரஷனில், இன்னும் நிதானமாக ஓடுவது. எனவே ஊருக்குள் மட்டும் ஓடும் அம்பாசிடருக்கு என்ஜிகே 5 அல்லது போஷ் 8 போடலாம் என்பேன். வாரா வாரம் திருச்சி சாலையில் 90-ல் போய்வருகிறவர் 6 அல்லது 7-லேயே நிற்கட்டும். மே மாத வெயிலில், முழுச் சுமையோடு, நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் என்பதுதான் கார் செய்தவர் பயந்த அந்த நிலை. ஒரு படிக்குமேல் யாரும் போக வேண்டாம். ரிங் தேய்ந்து ஆயில் மேலே ஏறும் எஞ்சினில் சூடான பிளக் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். அது ரிங் வேலைக்குப் பணம் சேரும்வரை காலம் கடத்துவது மட்டுமே.

அடுத்து இடைவெளி. பி-சீரிஸ் எஞ்சினுக்குச் சொல்லப்பட்டது அங்குலத்தில் 0.025, அதாவது 0.64 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெட்டியிலிருந்து வரும் புதுப் பிளக் பெரும்பாலும் இதைவிட அகலமாகவே இருக்கும், ஏனென்றால் அது இன்றைய கார்களை நினைத்துச் செய்தது. ஃபீலர் கேஜ் வைத்து, எர்த் முனையை மட்டும் மெல்லத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். நடுக் கம்பியை நெம்பினால் பீங்கான் விரியும்.

அகல இடைவெளி பெரிய பொறி தரும், பெரிய பொறி நல்லதுதானே என்று கேட்கலாம். 1889-ல் ஃபிரீட்ரிக் பாஷன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் கண்ட விதி இங்கே பதில் சொல்கிறது. வாயுவின் அழுத்தம், முனைகளுக்கு இடையிலான தூரம் இரண்டின் பெருக்கலைப் பொறுத்தே பொறி குதிக்கத் தேவையான மின்னழுத்தம் அமையும். திறந்த வெளியில் ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்டச் சுமார் 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் அழுத்தம் பல மடங்கு. தேவைப்படும் வோல்ட்டும் பல மடங்கு. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து மேட்டில் ஏறும்போது சிலிண்டர் நிறையக் கலவை, அழுத்தம் உச்சம். பாயிண்ட் வைத்த பழைய காயில் நல்ல நிலையில் 15,000 முதல் 20,000 வோல்ட் வரை தரும். பாயிண்ட் தேய்ந்து, கண்டென்சர் சோர்ந்து, டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் ஈரம் பட்டிருந்தால் அதுவும் இல்லை. இடைவெளியை 1 மில்லிமீட்டருக்கு விரித்துவிட்டு மேட்டில் மிஸ் அடிக்கிறதே என்று திகைப்பதில் பயனில்லை.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. பிளக்கைக் கழற்றி, எஞ்சின் பிளாக்கில் வைத்து, செல்ஃப் அடித்துப் பார்த்து, "பொறி நல்லா வருது, பிளக் ஓகே" என்று சொல்வது நம் ஊர் ஷெட்களில் பழக்கம். அந்தப் பொறி திறந்த காற்றில் குதித்த பொறி. அழுத்தத்துக்குள் அதே பிளக் தோற்கலாம். வெளியே பொறி வராவிட்டால் கோளாறு உறுதி. வந்தால் எதுவும் உறுதியில்லை.

காயில் ஒரு பொறிக்குத் தருவது சில பத்து மில்லிஜூல். நன்றாகக் கலந்த பெட்ரோல்-காற்றுக் கலவை பற்றிக்கொள்ள ஒரு மில்லிஜூலில் சிறு பகுதியே போதும். பற்றிக்கொண்ட கலவை தன் சக்தியைத்தான் தருகிறது, பொறியின் சக்தியை அல்ல. ஒழுங்காகப் பற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினில் இன்னும் பெரிய பொறி போட்டுப் பிக்கப் கூட்ட முடியாது. 'பவர்' என்று அட்டையில் எழுதி விற்கும் பிளக்குகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு எர்த் முனை உள்ள பிளக்கிலும் ஒரு நேரத்தில் ஒரு முனைக்குத்தான் பொறி குதிக்கும். முனைகள் மாறி மாறித் தேய்வதால் ஆயுள் கூடும்.

இரிடியம் விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். இரிடியம் உருகாமல், தேயாமல் நிற்கும் உலோகம். அதனால் நடுக் கம்பியை 0.4, 0.6 மில்லிமீட்டர் மெல்லிசாகச் செய்ய முடிகிறது. கூர்மையான முனையில் மின்புலம் குவியும். குறைந்த வோல்ட்டிலேயே பொறி குதிக்கும். வலுக்குறைந்த காயில் உள்ள பழைய காருக்கு இது உண்மையான உதவி. ஆனால் அதன் பெரிய பலம் நீண்ட ஆயுள். கார்பரேட்டர் கலவை அன்றாடம் மாறி, கொஞ்சம் ஆயிலும் ஏறும் எஞ்சினில் பிளக் தேய்ந்து சாவதில்லை, கரி படிந்துதான் சாகிறது. கரிக்கு இரிடியமும் நிக்கலும் ஒன்றே. எஞ்சின் புதிதாக ஓவராய்ல் ஆகி, கலவை ஒழுங்காக இருந்தால் இரிடியம் போடுங்கள். மற்றபடி சாதாரண நிக்கல் முனை பிளக்கை அடிக்கடி மாற்றுவதே மேல். கடையில் 'காப்பர் பிளக்' என்று கேட்டால் தருவதும் இதைத்தான். செம்பு உள்ளே சூட்டைக் கடத்த இருக்கிறது, பொறி குதிப்பது நிக்கல் கலவையிலிருந்து.

ரெசிஸ்டர் பிளக் போடலாமா என்று பலருக்குத் தயக்கம். குறியீட்டில் 'ஆர்' வரும், பிபிஆர்6இஎஸ் என்று. உள்ளே சுமார் 5,000 ஓம் தடை. தடை இருந்தால் பொறி வலு குறையுமே என்பது கவலை. பொறி குதிக்கும் கணம் வரை இடைவெளியில் மின்னோட்டமே இல்லை. மின்னோட்டம் இல்லாத இடத்தில் தடை எந்த வோல்ட்டையும் தின்னாது. குதித்த பிறகு ஓடுவது சில பத்து மில்லியாம்பியர். 50 மில்லியாம்பியர் என்றே வைத்தாலும் 5,000 ஓமில் இழப்பு 250 வோல்ட். இவ்வளவு சிறிய விலைக்கு, ரேடியோவில் கேட்கும் கரகரப்பு போகிறது. பாயிண்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றியிருந்தால் அந்தச் சர்க்யூட்டுக்கும் பாதுகாப்பு. பிளக் ஒயர் செம்புக் கம்பியாக இருந்தால் ரெசிஸ்டர் பிளக் போடுங்கள். ஒயரே கார்பன் உள்ளீடு கொண்டதாக இருந்தால் சாதாரணப் பிளக் போதும்.

பிளக்கின் மேல் பழி விழும் இன்னொரு கோளாறு துருவம். எலெக்ட்ரான்கள் குளிர்ந்த பரப்பைவிடச் சூடான பரப்பிலிருந்து எளிதாகக் கிளம்பும். பிளக்கில் சூடான பகுதி நடுக் கம்பி. எனவே நடுக் கம்பி நெகடிவாக இருந்தால் பொறிக்குக் குறைந்த வோல்ட் போதும். 1960களின் பிற்பாதி வரை பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த்தான் வழக்கம். அப்படிப்பட்ட காரைப் பின்னால் நெகடிவ் எர்த்துக்கு மாற்றும்போது காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும் இடம் மாற்ற மறந்துவிடுவார்கள். கார் ஓடும், அதனால் யாருக்கும் தெரியாது; காலையில் ஸ்டார்ட்டிங் தொல்லையும் மேட்டில் மிஸ்ஸிங்கும் மட்டும் நிரந்தரமாக இருக்கும். பழைய பிளக்கின் எர்த் முனையில் நடுக் கம்பிக்கு நேரெதிரே சின்னக் குழி விழுந்திருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

கழற்றிய பிளக்கைப் பார்த்து எஞ்சினின் நிலையைச் சொல்வது நம் மெக்கானிக்குகளின் பழைய திறமை. ஆனால் பாடப் புத்தகம் மாறிவிட்டது. 'பிஸ்கட் பழுப்பு' நிறம் இருந்தால் சரி என்ற விதி ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல்தான். அதில் நல்ல நிலையில் ஓடும் பிளக்கே வெளிறிய சாம்பலாக, சில சமயம் ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும். வெள்ளையைக் கண்டதும் கலவை குறைவு என்று முடிவுகட்டக் கூடாது. பீங்கானில் கொப்புளமோ, கண்ணாடிப் பளபளப்போ, உருகிய உலோகத் துகளோ இருந்தால்தான் பயம். உலர்ந்த கருப்பு கலவை கெட்டி என்பதற்கு அடையாளம். ஈரமான, வழுவழுப்பான கருப்பு ஆயில்.

நான்கு பிளக்கையும் கழற்றிய வரிசை மாறாமல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பி-சீரிஸ் ஹெட்டில் எட்டு வழிக்குப் பதில் ஐந்து வழிதான். 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரே இன்லெட், 3, 4-க்கு இன்னொன்று. நடுவிலுள்ள 2, 3 ஒரே எக்ஸாஸ்ட் வழியைப் பங்கிடுகின்றன. நான்குக்கும் கலவையும் சூடும் ஒரேபோலக் கிடைப்பதில்லை. நடு இரண்டும் ஓர இரண்டும் நிறத்தில் லேசாக மாறுபட்டால் அது இந்த எஞ்சினின் பிறவிக் குணம். ஒன்று மட்டும் மற்ற மூன்றிலிருந்து தனித்து நின்றால் கோளாறு அந்தச் சிலிண்டரில்.

இப்போது எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ல் நாடெங்கும் பம்புக்கு வந்துவிட்டது. சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும், ஆக்ஸிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. இந்த 20 சதவீதக் கலவைக்குத் தேவை சுமார் 13.5. புதிய கார் சைலன்ஸர் பாதையில் உள்ள சென்சரைப் பார்த்துத் தானே எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த வழி இல்லை. அது பழைய கணக்கிலேயே ஊற்றுகிறது. கலவை சுமார் எட்டு சதவீதம் மெலிகிறது. மெலிந்த கலவை தயங்கித்தான் பற்றும், மெதுவாக எரியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு குலுக்கல். உடனே பிளக் மாற்றுகிறார்கள். பிளக்கால் இதைத் தீர்க்க முடியாது. எஸ்யு கார்பரேட்டர் என்றால் ஜெட் நட்டைத் திருப்பி ஜெட்டைக் கீழே இறக்க வேண்டும். சோலெக்ஸ் என்றால் ஒரு அளவு பெரிய ஜெட். அதைச் செய்தபின் பிளக்கைப் பாருங்கள்.

மாட்டும்போது கையாலேயே கடைசி வரை சுற்றுங்கள். மரை குறுக்கே ஏறினால் ஹெட்டுக்குத்தான் செலவு. வாஷர் உட்கார்ந்ததும் புதுப் பிளக்கென்றால் ஸ்பானரில் அரைச் சுற்று, அதிகம் போனால் மூன்றில் இரண்டு. பழைய பிளக்கைத் திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். பன்னிரண்டில் ஒரு சுற்று போதும். தளர்வாக விட்டால் சூடு ஹெட்டுக்கு இறங்க வழியில்லாமல் பிளக் ஒரு படி சூடானதுபோல நடந்துகொள்ளும். இத்தனை யோசித்து வாங்கிய எண் வீணாகும். ஒயர் பிரஷால் பீங்கானைத் தேய்க்காதீர்கள். பிரஷின் உலோகம் கோடாகப் பதிந்து அதுவே மின்சாரத்துக்குப் பாதையாகும். போலிப் பிளக்குகள் சந்தையில் உண்டு. வாஷர் கழன்று விழுவது, நடுக் கம்பி மையத்தில் இல்லாதது, பீங்கானில் எழுத்து நகத்தால் அழிவது ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள்.

டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் அம்பாசிடரின் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றை ஒட்டி ஓடும். ஒரு பிளக் கிலோமீட்டருக்குச் சுமார் 1,200 பொறி. 10,000 கிலோமீட்டரில் ஒரு கோடிக்கும் மேல். ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துளி உலோகத்தைக் கொண்டுபோகிறது. அதற்குள் இடைவெளி ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர் விரிந்திருக்கும். 5,000-ல் ஒருமுறை கழற்றி கேஜ் வைத்துச் சரிசெய்து, 10,000 தாண்டியதும் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். கழற்றியவற்றில் நல்ல இரண்டைப் பிளக் ஸ்பானரோடு டிக்கியில் போட்டுவையுங்கள்.